பூட்டிய வீட்டில் நிற்கும் புல்லட்

காரைக்குடியில் கிளம்பி கோட்டையூர், பள்ளத்தூர், கானாடுகாத்தான் என்று எந்தத் தெருவுக்குள் நுழைந்தாலும் பூட்டிய வீடுகள் வரிசையாக வரும். வீட்டுக்காரர்கள் சென்னையில் இருப்பார்கள். சிங்கப்பூரில், கோலாலம்பூரில் இருப்பார்கள். படைப்பு, பிள்ளையார் நோன்பு, கல்யாணம், சாந்தி என்றால் வந்து நாலு நாள் தங்கிவிட்டுப் போவார்கள். அந்த வீடுகளின் தேக்குத் தூண்களையும் ஆத்தங்குடிக் கல்லையும் பற்றி எழுதாத பத்திரிகை இல்லை. செட்டிநாட்டு ஊர்கள் 2014-ல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலிலும் ஏறிவிட்டன. முகப்பை ஒட்டிய கொட்டகையிலோ இரண்டாம் கட்டின் ஓரத்திலோ பழைய வேட்டி போர்த்தி நிற்கிற மோட்டார் சைக்கிளைப் பற்றித்தான் அதிகம் பேச்சில்லை.

பெரும்பாலும் அது புல்லட். சில வீடுகளில் யெஸ்டி, ராஜ்தூத். கொஞ்சம் இளைய தலைமுறை வீடு என்றால் ஆர்.எக்ஸ்.100.

இந்த வண்டிகளைப் பிரித்துப் பார்த்துப் பழகியவர்களுக்கு ஒன்று தெரியும். இவற்றில் ஓடித் தேய்ந்த வண்டி குறைவு, நின்று கெட்ட வண்டிதான் அதிகம். நன்றாக ஓடிய எஞ்சினில் ரிங் தேய்ந்திருக்கும், சிலிண்டர் அகன்றிருக்கும். லேத்தில் கொடுத்து போர் போட்டு, ஓவர்சைஸ் பிஸ்டன் வாங்கிப் போட்டால் வண்டி மறுபடி பத்து வருடம் ஓடும். ஐந்து வருடம் அசையாமல் நின்ற எஞ்சினில் எது எது போயிருக்கிறது என்று பிரித்த பிறகுதான் தெரியும். செலவும் அங்கேதான் கூடும். வண்டியை வைத்திருப்பது என்றால் அதை ஓட்டுவதுதான் என்று நான் அடித்துச் சொல்வது இதனால்தான்.

மெட்ராஸில் வார்த்த இரும்பு

புல்லட்டை இங்கிலீஷ் வண்டி என்று சொல்லிக் கேட்கிறோம். பிறப்பு இங்கிலாந்தின் ரெட்டிச் நகரம்தான். ஆனால் செட்டிநாட்டுக் கொட்டகைகளில் நிற்கிற புல்லட்டுகள் திருவொற்றியூரில் செய்தவை. 1950-களின் தொடக்கத்தில் எல்லைக் காவலுக்காக இந்திய ராணுவம் 350 சிசி புல்லட்டைத் தேர்ந்தெடுத்தது. அந்தத் தேவையை ஒட்டி 1955-ல் ரெட்டிச் நிறுவனமும் மெட்ராஸ் மோட்டார்ஸும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கின. முதலில் பாகங்களை இறக்குமதி செய்து பூட்டினார்கள். 1960-களின் தொடக்கத்துக்குள் எல்லாப் பாகத்தையும் இங்கேயே செய்யும் நிலை வந்துவிட்டது. 1967-ல் ரெட்டிச் தொழிற்சாலை மூடப்பட்டது. திருவொற்றியூர் நிற்கவில்லை. பத்தே வருடத்தில், 1977-ல், மெட்ராஸ் புல்லட் இங்கிலாந்துக்கே ஏற்றுமதியானது. 1994-ல் நிறுவனம் ஐஷர் கைக்குப் போனது.

இவ்வளவு காலமும் எஞ்சினின் அடிப்படை மாறவில்லை. வார்ப்பிரும்பு சிலிண்டர், அலுமினிய ஹெட், புஷ்ராடு இரண்டு, தனியே பூட்டிய நாலு கியர் பெட்டி, வலது காலில் கியர், இடது காலில் பிரேக். 2010-ஐ ஒட்டி எஞ்சினும் கியரும் ஒரே கூட்டுக்குள் வரும் யு.சி.இ. எஞ்சின் முழுதாக இடம் பிடிக்கும்வரை இந்தப் பழைய எஞ்சின் வெளிவந்துகொண்டே இருந்தது. அதனால் 1970-களின் வண்டிக்கு 1990-களின் பாகம் பெரும்பாலும் பொருந்துகிறது. பழைய வண்டி வைத்திருப்பவருக்கு இதைவிடப் பெரிய வரம் கிடையாது.

அந்த எஞ்சினின் குணத்தை இரண்டு அளவுகள் சொல்லிவிடும். சிலிண்டரின் விட்டம் 70 மில்லிமீட்டர், பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் 90 மில்லிமீட்டர். கொள்ளளவு 346 சிசி. அகலத்தைவிட உயரம் கூடிய இந்த அமைப்பை லாங் ஸ்ட்ரோக் என்பார்கள். இதோடு ஆர்.எக்ஸ்.100-ஐ வைத்துப் பாருங்கள். அதில் விட்டமும் 50, ஸ்ட்ரோக்கும் 50. 98 சிசி, டூ ஸ்ட்ரோக். புல்லட் நிமிடத்துக்கு 4,000 சுற்று சுற்றும்போது பிஸ்டன் சராசரியாக நொடிக்கு 12 மீட்டர் வேகத்தில் போய் வருகிறது. ஆர்.எக்ஸ்.100-ன் பிஸ்டன் அந்த வேகத்தைத் தொட எஞ்சின் 7,200 சுற்று சுற்ற வேண்டும். அதாவது, காதுக்கு நிதானமாகக் கேட்கிற புல்லட்டின் உள்ளே பிஸ்டன் படும் பாடு, அலறிக்கொண்டு போகிற ஆர்.எக்ஸ். பிஸ்டன் படும் பாட்டுக்குக் குறைந்ததல்ல. தட தட சத்தத்தை நம்பி ஆக்சிலேட்டரை முறுக்கிக்கொண்டே போகிறவர்கள் இதை மனதில் வைக்க வேண்டும். பழைய புல்லட்டை மணிக்கு 60, 65-ல் வைத்துக்கொண்டு நாள் முழுக்க ஓட்டலாம். 90-ல் விரட்டினால் பிக் எண்ட் பேரிங் சீக்கிரம் சத்தம் போட ஆரம்பிக்கும்.

நம் ஊர் வெயிலுக்கு இன்னொரு கணக்கு இருக்கிறது. பிஸ்டன் அலுமினியம், சிலிண்டர் இரும்பு. சூட்டில் இரும்பு விரிவதைப்போல் ஏறக்குறைய இரண்டு பங்கு அலுமினியம் விரியும். 150 டிகிரி சூடு ஏறினால் 70 மில்லிமீட்டர் பிஸ்டன் கால் மில்லிமீட்டர் அளவுக்கு விரிகிறது. சிலிண்டர் அதில் பாதிதான் விரிகிறது. எண்ணெய்ப் படலம் தங்க வேண்டிய இடைவெளி அங்கே சுருங்குகிறது. போர் போட்டு வந்த வண்டியைச் சித்திரை மதியத்தில் திருமயம் சாலையில் மிரட்டினால் பிஸ்டன் பிடித்துக்கொள்வது இதனால்தான். புது போருக்கு முதல் 500 கிலோமீட்டராவது பொறுமை வேண்டும். அதிகாலையில் ஓட்டுங்கள், ஒரே வேகத்தில் ஓட்டாமல் ஏற்றி இறக்கி ஓட்டுங்கள்.

செம்மண் தூசியும் உண்டு. சிவகங்கை மாவட்டத்துச் செம்மண்ணில் நுண்ணிய மணல் கலந்திருக்கிறது. அந்த மணல் வார்ப்பிரும்பைவிடக் கடினமானது. ஏர் ஃபில்டரில் ஓட்டை விழுந்தால் அது சிலிண்டர் சுவரை அரம் போல் அராவிவிடும். பார்க்க அழகாக இருக்கிறது என்று ஏர் ஃபில்டர் பெட்டியைக் கழற்றி எறிந்துவிட்டு வலைக் குப்பி மாட்டுகிறவர்கள் எஞ்சினின் ஆயுளை விலையாகக் கொடுக்கிறார்கள். அந்தப் பெட்டியைத் திரும்ப மாட்டச் சொல்லித்தான் நான் யாரிடமும் முதலில் கேட்பேன்.

மோட்டார் தொழிலில் செட்டிநாட்டுக் கை

இரண்டு சக்கர வண்டிக்கும் இந்த மண்ணுக்கும் உள்ள உறவு கொட்டகையோடு முடிவதில்லை. பள்ளத்தூர் ஏ.எம். முருகப்ப செட்டியார் 1900-ல் பர்மாவில் வட்டிக்கடையாகத் தொடங்கியதுதான் இன்றைய முருகப்பா குழுமம். அந்தக் குடும்பம் 1949-ல் இங்கிலாந்தின் ட்யூப் இன்வெஸ்ட்மென்ட்ஸோடு சேர்ந்து டி.ஐ. சைக்கிள்ஸைத் தொடங்கியது. 1960-ல் டி.ஐ. டயமண்ட் செயின் வந்தது. நாட்டில் ஓடும் மோட்டார் சைக்கிள்களில் எத்தனையோ வண்டிகளின் பின்சக்கரத்தை இழுப்பது அந்தச் செயின்தான். லாம்பிரெட்டா ஸ்கூட்டரை இந்தியாவில் செய்த ஆட்டோமொபைல் ப்ராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா, செட்டிநாட்டு அரச குடும்பத்து எம்.ஏ. சிதம்பரத்தின் குழுமத்தில் இருந்தது. லேவாதேவியில் சேர்த்த பணம் பர்மாவை விட்டு வந்த பிறகு உலோகத்தில் இறங்கியது. நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு அரண்மனைக் கதைகளோடு இந்தக் கதையையும் சொல்ல வேண்டும்.

எல்லாவற்றுக்கும் மேலே சிக்ரி இருக்கிறது. கோட்டையூர் அழகப்ப செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்ச ரூபாயும் கொடுத்ததால் சிக்ரி எனும் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் காரைக்குடிக்கு வந்தது. 1948 ஜூலை 25-ல் நேரு அடிக்கல் நாட்டினார். 1953 ஜனவரி 14-ல் திறப்பு விழா. விமானம் ஓட்டும் உரிமம் வாங்கிய, சொந்தமாக விமான நிறுவனம் நடத்திய மனிதர் அழகப்பர். எந்திரங்களின் மேல் அவருக்கு இருந்த ஈடுபாட்டுக்கு இதற்குமேல் சாட்சி வேண்டாம். பேட்டரி, முலாம், துரு: சிக்ரி பல்லாண்டுகளாக ஆராய்ந்து வரும் இந்த மூன்றும்தான் நிற்கும் வண்டியின் மூன்று பிரச்சினைகள். மண்டபத்தில் கடற்காற்றில் உலோகத் தகடுகளை வைத்துத் துரு ஏறுவதை அளக்கும் களம்கூட சிக்ரிக்கு இருக்கிறது.

முலாமில் தொடங்கலாம். சைலன்சரிலும் மட்கார்டிலும் பளபளப்பது குரோமியம். அந்தப் படலத்தின் தடிமன் ஒரு மைக்ரானுக்கும் குறைவு. அடியில் இருக்கிற நிக்கல்தான் இரும்பைக் காப்பாற்றுகிறது. சாம்பலையோ பாத்திரப் பொடியையோ போட்டுத் தேய்த்தால் குரோமியம் கரைந்து, நிக்கல் மங்கி, கீழே துருப் புள்ளி விழும். பிறகு எவ்வளவு தேய்த்தாலும் அது போகாது. மெல்லிய துணியால் துடைத்து, மழைக்காலத்துக்கு முன்னால் மெழுகோ லேசான எண்ணெயோ பூசுவது போதும். காரைக்குடிக்கு உப்புக் காற்று பெரிதாக வருவதில்லை. கடல் கிழக்கே தொண்டிப் பக்கம் தள்ளி இருக்கிறது. ஆனால் ஐப்பசி, கார்த்திகை ஈரமும் சன்னல் திறக்காத கொட்டகையும் சேர்ந்தால் துருவுக்கு வேறொன்றும் தேவையில்லை.

நிற்கும் வண்டிக்குள் நடப்பது

பேட்டரிதான் முதலில் போகும். ஈய பேட்டரியில் ஒரு தகடு ஈயம், இன்னொன்று ஈய டை ஆக்சைடு, நடுவில் கந்தக அமிலம். மின்சாரம் கொடுக்கக் கொடுக்க இரண்டு தகட்டிலும் ஈய சல்பேட் படிகிறது. உடனே சார்ஜ் ஏற்றினால் சல்பேட் திரும்பக் கரையும். மாதக்கணக்கில் விட்டால் அது பெரிய படிகமாக இறுகி, பிறகு எந்தச் சார்ஜரிலும் கரையாது. வண்டியை ஓட்டாவிட்டாலும் பேட்டரி தானாகவே இறங்கிக்கொண்டிருக்கும். சூடு கூடக் கூட இறங்கும் வேகமும் கூடும். தகரக் கொட்டகையில் நிற்கும் வண்டியின் பேட்டரி குளிர்நாட்டில் நிற்பதைவிடப் பல மடங்கு வேகமாக இறங்குவது இப்படித்தான். மீட்டர் வைத்துப் பாருங்கள். 12 வோல்ட் பேட்டரி என்றால், வண்டி ஓய்வில் இருக்கும்போது 12.6 வோல்ட்டுக்கு மேல் இருந்தால் நிறைவு. 12.4-க்கு வந்தாலே சார்ஜ் போட வேண்டும். 12-ஐத் தொட்டால் கிட்டத்தட்டக் காலி. ஊருக்குக் கிளம்பும்போது நெகட்டிவ் வயரைக் கழற்றி வைத்துவிட்டுப் போவது ஐந்து நிமிட வேலை. பேட்டரியையே கழற்றி மாதம் ஒரு முறை சார்ஜ் போடச் சொல்லிப் பக்கத்து பேட்டரி கடையில் கொடுப்பது இன்னும் நல்லது. நீர் ஊற்றும் பேட்டரி என்றால் டிஸ்டில்டு வாட்டர் மட்டும்தான். கிணற்றுத் தண்ணீரின் உப்பு தகடுகளைக் கெடுத்துவிடும்.

அடுத்தது பெட்ரோல். கார்ப்ரேட்டர் கிண்ணத்தில் தேங்கிய பெட்ரோலின் லேசான பகுதி ஆவியாகிவிட, மீதி பழுப்புப் பிசினாகப் படிகிறது. பைலட் ஜெட்டின் துளை முடியளவுதான். அது அடைந்தால் வண்டி கிளம்பும், ஐடிலிங் நிற்காது. சோக்கை இழுத்தால்தான் ஓடும். இப்போது பங்க்குகளில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் காற்றின் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும் குணமுடையது. ஈரம் ஒரு அளவைத் தாண்டினால் தண்ணீரும் எத்தனாலும் பிரிந்து டேங்க்கின் அடியில் தங்கிவிடும். தகர டேங்க் உள்ளிருந்து துருப்பிடிக்கும். பழைய வண்டிகளின் ரப்பர் குழாயும் வாஷரும் இந்தக் கலவைக்காகச் செய்யப்பட்டவை அல்ல. தினமும் ஓடுகிற வண்டியில் பெட்ரோல் மாறிக்கொண்டே இருப்பதால் பெரிய தொல்லை இல்லை. நிற்கிற வண்டியில்தான் முழுக் கெடுதலும் வேலை செய்கிறது. இரண்டு மூன்று மாதம் நிற்கப் போகிற வண்டி என்றால் பெட்ரோல் டேப்பை மூடிவிட்டு, எஞ்சின் தானாக அணையும்வரை ஓடவிட்டுக் கிண்ணத்தைக் காலி செய்யுங்கள். அதற்கும் மேல் நிற்கும் என்றால் டேங்க்கையும் வடித்து, உள்ளே எண்ணெய் கொஞ்சம் விட்டு உருட்டி வைப்பதே சரி.

எஞ்சின் ஆயில் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். பழைய புல்லட்டில் ஆயில் டேங்க் எஞ்சின் கூட்டின் பின்பாகத்திலேயே வார்க்கப்பட்டிருக்கிறது. அங்கிருந்து ஃபீட் பம்ப் ஆயிலை எடுத்துக் கொடுக்கும். ரிட்டர்ன் பம்ப் திரும்பக் கொண்டு சேர்க்கும். பம்ப் சற்றுத் தேய்ந்த வண்டி நிற்கும்போது ஆயில் மெல்லக் கசிந்து கிராங்க் இருக்கும் பக்கம் போய்த் தேங்கிவிடும். ஆறு மாதம் கழித்து உதைத்தால் புகை மண்டும். பிரீதர் குழாய் வழியாக ஆயில் பீறிடும். எஞ்சின் போய்விட்டது என்று பயந்து விற்றவர்கள் உண்டு. கீழே இருக்கும் டிரெயின் பிளக்கைத் திறந்து தேங்கியதை வடித்து, புது ஆயில் ஊற்றிக் கிளப்பினால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

நின்ற வண்டியில் பிஸ்டன் எந்த இடத்தில் நிற்கிறது என்பதும் முக்கியம். ஏதாவது ஒரு வால்வு திறந்தபடி நின்றால் சைலன்சர் வழியாகவோ கார்ப்ரேட்டர் வழியாகவோ மழைக்கால ஈரக் காற்று நேரே சிலிண்டருக்குள் போகும். வார்ப்பிரும்புச் சுவரில், ரிங் தொட்டுக்கொண்டிருக்கிற வட்டத்தில் துரு ஏறும். பிறகு அந்தப் பள்ளத்தை போர் போட்டுத்தான் எடுக்க முடியும். பழைய புல்லட்டில் இதைத் தவிர்க்க ஒரு நல்ல வழி உண்டு. சாவியைத் திருப்பிவிட்டுக் கிக்கரை மெதுவாக அழுத்துங்கள். பாயிண்ட் மூடியிருக்கும்வரை அம்மீட்டர் முள் ஒரு பக்கம் சாய்ந்திருக்கும். பாயிண்ட் திறந்ததும் நடுவுக்கு வரும். முள் நடுவுக்கு வந்த இடத்தில் பிஸ்டன் கம்ப்ரஷனின் உச்சியை நெருங்கிவிட்டது. இரண்டு வால்வும் மூடியிருக்கின்றன. டீகம்ப்ரஷரை இழுத்துக்கொண்டு அந்த உச்சியைச் சற்றே கடத்திவிட்டு உதைப்பதுதான் புல்லட்டைக் கிளப்பும் முறை. நிறுத்தி வைக்க வேண்டுமா? அதே இடத்தில் விட்டுவிட்டுச் சாவியை எடுத்துவிடுங்கள். வண்டியைக் கிளப்பத் தெரிந்தவருக்கு அதை நிறுத்தி வைக்கவும் தெரிந்துவிடுகிறது. முள் பக்கவாட்டில் சாய்ந்திருக்கும்போது சாவியை மறந்து விட்டுப் போனால் காயில் சூடேறிக் கெட்டு, பேட்டரியும் காலியாகிவிடும் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

எலி வயரைக் கடிப்பதும், குளவி சைலன்சர் வாயில் மண்கூடு கட்டுவதும் செட்டிநாட்டு வீடுகளில் சாதாரணம். சைலன்சர் வாயில் துணியைச் செருகி, ஹேண்டில்பாரில் ஒரு சீட்டுக் கட்டி எழுதி வையுங்கள். சென்டர் ஸ்டாண்டு போட்டு, டயரில் காற்றை நிரப்பி வையுங்கள். டயரின் பக்கவாட்டில் நாலு இலக்க எண் இருக்கும். 2318 என்றால் 2018-ன் 23-வது வாரத்தில் செய்தது. பட்டன் தேயாமல் புதிது போல் இருந்தாலும் பத்து வருட டயரை நம்பிச் சாலையில் இறங்காதீர்கள்.

ஐந்து நிமிட உறுமல்

வீட்டைப் பார்த்துக்கொள்கிறவர் தொலைபேசியில் சொல்வார்: “ஆச்சி, வண்டிய வாரா வாரம் கிளப்பிட்டுத்தான் இருக்கேன்.” அவர் மனசாட்சியோடுதான் செய்கிறார். ஆனால் நின்ற இடத்தில் கிளப்பி ஐந்து நிமிடம் உறுமவிட்டு அணைப்பது, வண்டியைச் சும்மா விடுவதைவிடக் கெடுதல்.

காரணம் எளிய வேதியியல். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் உண்டாகிறது. எஞ்சினும் சைலன்சரும் நன்றாகச் சூடாகியிருந்தால் அது ஆவியாகவே வெளியேறிவிடும். ஐந்து நிமிடத்தில் சைலன்சர் சூடாவதில்லை. தண்ணீர் உள்ளேயே படிந்து, கரியோடும் அமிலத்தோடும் கலந்து சைலன்சரை உள்ளிருந்து அரிக்கிறது. கொஞ்சம் ரிங் இடுக்கு வழியாக ஆயிலிலும் கலக்கிறது. டிப்ஸ்டிக்கில் பால் கலந்த நிறம் தெரிந்தால் அதுதான். பேட்டரியும் நிரம்புவதில்லை, செல்ப் போட்டதில் போன சார்ஜ், ஐடிலிங்கில் திரும்ப வந்து சேராது.

வண்டிக்கு வேண்டியது ஓட்டம். காரைக்குடியிலிருந்து குன்றக்குடி வழியாகப் பிள்ளையார்பட்டி போய் வந்தால் ஏறக்குறைய 25 கிலோமீட்டர் ஆகும். எஞ்சின் முழுச் சூட்டுக்கு வரும், தண்ணீர் எல்லாம் ஆவியாகும், செயினில் எண்ணெய் பரவும், பிரேக் ஷூ டிரம்மோடு ஒட்டாமல் இருக்கும், கிளட்ச் பிளேட் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளாது. இரண்டு வாரத்துக்கு ஒரு முறை அப்படி ஒரு சுற்றுப் போன வண்டிக்கு மேலே சொன்ன மருந்து எதுவுமே தேவைப்படாது.

புது வண்டிகளுக்கு இது இன்னும் கூடுதலாகப் பொருந்தும். 2020-ல் மீட்டியோர் 350-ல் அறிமுகமாகி, 2023-ல் புல்லட்டுக்கும் வந்த ஜே சீரிஸ் எஞ்சின் 349 சிசி. விட்டம் 72, ஸ்ட்ரோக் 85.8 மில்லிமீட்டர். கேம் ஷாஃப்ட் மேலே ஹெட்டில் இருக்கிறது, அதிர்வைக் குறைக்க பேலன்சர் ஷாஃப்ட் உண்டு, பெட்ரோல் இன்ஜெக்டர் வழியாக வருகிறது. பொறியியலில் இது பழையதைவிட மேலான எஞ்சின். சூட்டைத் தாங்குவதிலும், ஆயில் ஒழுகாமல் இருப்பதிலும், மைலேஜிலும் வார்ப்பிரும்பு எஞ்சின் இதன் பக்கத்தில் நிற்க முடியாது. பழையது மேல் எவ்வளவு பிரியம் இருந்தாலும் இதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால் இதில் கிக்கர் இல்லை. பேட்டரி இறங்கினால் பெட்ரோல் பம்ப் ஓடாது, இசியு விழிக்காது, வண்டி அசையாது. பழைய வண்டியைத் தள்ளி, உதைத்து, பிளக்கைக் கழற்றித் துடைத்துக் கிளப்பிவிடலாம். புது வண்டியில் பேட்டரியே எல்லாம். பொங்கலுக்குப் பொங்கல் ஓட்டுவதற்காகப் புது வண்டி வாங்கி ஊரில் நிறுத்துகிறவர்கள், வண்டியோடு ஒரு நல்ல சார்ஜரையும் வாங்கிவிட வேண்டும்.

திரும்ப எழுப்புவது எப்படி

பல வருடம் நின்ற வண்டியைப் பார்த்ததும் உதைக்கத் தோன்றும். உதைக்காதீர்கள். துரு ஒட்டிய ரிங் உடையலாம். சுவரில் கோடு விழலாம். முதலில் பிளக்கைக் கழற்றி, அந்தத் துளை வழியாக ஒரு ஸ்பூன் எஞ்சின் ஆயில் விட்டு ஒரு நாள் ஊறவிடுங்கள். பிறகு நாலாவது கியரில் போட்டுப் பின்சக்கரத்தைக் கையால் மெல்ல முன்னும் பின்னும் அசையுங்கள். எஞ்சின் சுற்றத் தொடங்கிய பிறகுதான் கிக்கர். பழைய ஆயிலை முழுக்க வடியுங்கள், ஃபில்டரை மாற்றுங்கள். கார்ப்ரேட்டரைப் பிரித்து ஜெட்டுகளைக் காற்றால் ஊதுங்கள். கம்பியால் குத்தினால் துளை பெரிதாகிப் பெட்ரோல் குடிக்க ஆரம்பித்துவிடும். பாயிண்டைத் துடைத்து 0.35-லிருந்து 0.40 மில்லிமீட்டருக்குள் இடைவெளி வையுங்கள். புஷ்ராடு இரண்டும், எஞ்சின் ஆறியிருக்கும்போது, விரலால் சுற்றினால் சுற்ற வேண்டும், மேலும் கீழும் ஆடக் கூடாது. பிரேக் கேபிள், ஷூ, டயர் மூன்றையும் பார்க்காமல் தெருவுக்கு வண்டியை எடுக்கவே கூடாது. ஓட வைப்பதற்கு முன்னால் நிற்க வைக்கத் தெரிய வேண்டும்.

இதை எல்லாம் கையாலேயே உணர்ந்து செய்கிற மெக்கானிக்குகள் காரைக்குடியிலும் தேவகோட்டையிலும் இன்னும் இருக்கிறார்கள். பிளக் நிறத்தைப் பார்த்தே கார்ப்ரேட்டரைத் திருத்துகிறவர்கள், டேப்பெட் சத்தத்துக்கும் பிஸ்டன் ஸ்லாப் சத்தத்துக்கும் வித்தியாசம் சொல்கிறவர்கள். அவர்களுடைய பட்டறைக்கு இப்போது வரும் பையன்கள் ஸ்கேனர் பிடிக்கக் கற்கிறார்கள், அதுவும் வேண்டியதுதான். பாயிண்ட் செட் பண்ணுவதையும் அதே பையன்கள் கற்றுக்கொள்ள வேண்டும் என்றால், அந்த வேலை பட்டறைக்கு வர வேண்டும். வண்டிகள் கொட்டகையில் பூட்டிக் கிடந்தால் கைவேலையும் கூடவே போய்விடும். ஒரு தலைமுறை மெக்கானிக் ஓய்வு பெற்ற பிறகு, டைமிங் வைக்கக் காரைக்குடியில் ஆள் தேடுவது பெரும்பாடாகிவிடும்.

இன்னொரு கவலையும் எனக்கு உண்டு. வீட்டைப் பிரித்து விற்கும்போது தூணும் நிலைக்கதவும் முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளுக்குப் போகின்றன. அதே கண்ணோடு பழைய புல்லட்டையும் பார்க்க ஆரம்பித்திருக்கிறார்கள். எஞ்சினைக் காலி செய்து, பளபளவென்று பெயின்ட் அடித்து, விடுதி வரவேற்பறையில் நிறுத்தினால் படம் எடுக்க நன்றாக இருக்கும். தூணை எங்கே நட்டாலும் அது தூண்தான். எஞ்சின் இல்லாத புல்லட் வெறும் தகரம். அப்படி விற்பதை நான் ஏற்கவே மாட்டேன்.

காகிதத்தையும் பாருங்கள்

கொட்டகை வண்டிகளின் பெரிய சிக்கல் பல நேரம் எஞ்சினில் இல்லை, ஆர்.சி.யில் இருக்கிறது. அப்பச்சி பெயரிலோ ஐயா பெயரிலோ வாங்கிய வண்டி. அவர் காலமாகி வருடங்கள் ஆகியிருக்கும். பெயர் மாற்றாமலே கிடக்கும். உரிமையாளர் இறந்தால் 30 நாளுக்குள் பதிவு அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். மூன்று மாதத்துக்குள் வாரிசு பெயருக்கு மாற்ற விண்ணப்பிக்க வேண்டும். அதற்குப் படிவம் 31. இரண்டு சக்கர வண்டியின் பதிவு 15 வருடத்துக்குச் செல்லும். அதன் பிறகு ஐந்து வருடத்துக்கு ஒரு முறை புதுப்பிக்க வேண்டும். அதற்குப் படிவம் 25. வண்டியை நேரில் காட்ட வேண்டும் என்பதால், காகிதத்துக்காகவேனும் வண்டி ஓட வேண்டியிருக்கிறது. தாமதத்துக்கு அபராதம் உண்டு. ஆனால் தாமதித்துப் போனாலும் வழி இருக்கிறது. இன்ஷூரன்ஸ் இல்லாமல் பிள்ளையார்பட்டி வரைகூட எடுக்காதீர்கள்.

பழைய வண்டி வாங்க வருகிறவர்கள் எஞ்சின் சத்தத்தில் மயங்குவதற்கு முன்னால், சேஸிஸ் எண்ணும் எஞ்சின் எண்ணும் ஆர்.சி.யோடு ஒத்துப்போகின்றனவா என்று தாங்களே துடைத்துப் பாருங்கள். பல வருடம் நின்ற வண்டிகளில் எஞ்சின் மாறியிருப்பது நடக்கிற விஷயம்தான். எண் ஒத்துப்போகாத வண்டியை எவ்வளவு குறைந்த விலைக்குக் கொடுத்தாலும் விட்டுவிடுங்கள்.

வண்டி வைத்திருப்பவர்களுக்கு என் வேண்டுகோள் இது. அடுத்த படைப்புக்கு ஊருக்கு வரும்போது கொட்டகையைத் திறந்து பாருங்கள். ஓட்ட ஆசையிருந்தால் கிளம்புவதற்கு இரண்டு மாதம் முன்பே ஒரு நல்ல மெக்கானிக்கிடம் சாவியைக் கொடுத்துச் சொல்லிவிடுங்கள். அவசரப்படுத்தாதீர்கள், கூலியில் பேரம் பேசாதீர்கள். நீங்கள் இல்லாத நாட்களில், உரிமம் வைத்திருக்கிற, நம்பிக்கையான ஒரு உறவுக்காரத் தம்பியிடம் மாதம் இரண்டு முறை ஓட்டச் சொல்லுங்கள். வீட்டில் ஓட்ட யாருமே இல்லை என்றால், ஓட்டத் தெரிந்த ஒருவருக்கு வண்டியைக் கொடுத்துவிடுங்கள், ஆர்.சி.யையும் அவர் பெயருக்கு முறையாக மாற்றிக் கொடுங்கள்.